முதல் ஷாமோஜி: சோற்றுக் கரண்டியைக் கையால் செதுக்குவது எப்படி?

ஜப்பானில் சோறு பரிமாறும் தட்டையான மரக் கரண்டியை ஷாமோஜி என்பார்கள். ஹிரோஷிமாவை ஒட்டிய மியாஜிமா தீவு இதற்குப் பேர்போனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வாழ்ந்த செய்ஷின் என்ற துறவி, பென்சாய்தென் தேவி ஏந்தியிருக்கும் பிவா என்ற தந்தி வாத்தியத்தின் வடிவில் முதல் கரண்டியைச் செய்தார் என்பது தீவினர் சொல்லும் கதை. பென்சாய்தென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதிதான். வீணை இருந்த கையில் பிவா.

22 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. கனத்தில் நன்றாகக் காய்ந்த பலகை ஒன்று வேண்டும். செர்ரியும் முசுக்கட்டையும் அங்கே வழக்கமான மரங்கள். எந்த மரமானாலும் நார் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். முடிச்சு இருந்தால் எடுக்காதீர்கள்.

காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி வடிவத்தை வெட்டுங்கள். பிரித்தால் இருபுறமும் ஒத்திருக்கும். அதைப் பலகையில் வைத்து வரைந்து, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே ரம்பத்தால் அறுங்கள். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போதுதான் அறுக்கும். பழக்க தோஷத்தில் அழுத்தித் தள்ளினால் மெல்லிய தகடு வளைந்துவிடும்.

இனி கத்தி. பென்சில் சீவுவதைப் போல, மரத்தைப் பிடித்த கையின் கட்டைவிரலால் கத்தி முதுகைத் தள்ளுங்கள். கத்தி போகும் வழியில் விரல் இருக்கக் கூடாது.

சிக்கல் கழுத்தில்தான். அகன்ற தோளிலிருந்து குறுகிய கழுத்தை நோக்கியே கத்தி இறங்க வேண்டும். கைப்பிடிப் பக்கமிருந்து தோளை நோக்கி ஏற்றினால் கத்தி நாருக்குள் புகுந்து பிளந்துவிடும். என் முதல் ஷாமோஜி அப்படித்தான் ஒரு தோளை இழந்தது. சரியான திசையில் போனால் சீவல் சுருள் சுருளாக விழும். தூள் தூளாகப் பிய்ந்தால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கமிருந்து சீவுங்கள்.

முன்புறம் ஏறக்குறையத் தட்டையாக இருக்கட்டும், பின்புறம் லேசாகப் புடைக்கட்டும். நுனி விளிம்பு 2 மி.மீ. வரை மெலியலாம், கழுத்தில் 8 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். நுனி தடித்த கரண்டி சோற்றை அள்ளாது, நசுக்கும்.

உப்புத்தாளால் 120, 240, 400 என்ற எண் வரிசையில் தேயுங்கள்; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். பிறகு கரண்டியை ஈரத் துணியால் துடையுங்கள். நார் மயிர்க்கால் போலச் சிலிர்த்து எழும். காய்ந்ததும் மீண்டும் 400. சோம்பல்பட்டு இதை விட்டால், முதல் கழுவலிலேயே வழவழப்பு போய்விடும்.

எகோமா (பெரில்லா விதை) எண்ணெயையோ வால்நட் எண்ணெயையோ மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்து ஒரு வாரம் காயவிடுங்கள். வீட்டில் யாருக்காவது கொட்டைகள் ஒவ்வாது என்றால் வால்நட் வேண்டாம். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.

சோறு அள்ளும் முன் ஷாமோஜியைத் தண்ணீரில் முக்கி எடுங்கள், பருக்கை ஒட்டாது.