முதலில் கீழ்க்கதவைத் திறக்கச் சொல்லுங்கள்

பழைய ரீஃப் டேங்க், அதாவது கடல்நீரில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வாங்கலாமா என்று பார்க்கப் போனால் விற்பவர் முதல் வேலையாக நீல விளக்கைப் போட்டுவிடுவார். பவளமெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிக்கும், கோமாளி மீன் அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிருக்குள் புரண்டுகொண்டிருக்கும். முதல் தடவை நான் அதிலேயே விழுந்துவிட்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது தொட்டி வாங்கப் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்: "சார், வெள்ளை விளக்கைப் போடுங்க. கீழே இருக்கிற கதவையும் கொஞ்சம் திறங்க."

சம்ப் என்ற கீழ்த்தொட்டியும், தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் இருக்கும் அந்தக் கீழ்ப்பெட்டிதான் உண்மையைச் சொல்லும். கடல்நீர் கசிந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். நன்னீர்த் தொட்டியில் இவ்வளவு தெளிவான சாட்சி கிடைக்காது. மேல் விளிம்பில் இருக்கும் உப்பு தெறித்து விழுந்தது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கண்ணாடிகள் சேரும் மூலையில், வெளிப்பக்கமாக, மேலிருந்து கீழே வெள்ளைப் பொருக்கு இறங்கியிருந்தால் அந்த சிலிகான் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குழாய் மூட்டுகளையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பாருங்கள். பிளக் ஓட்டைகளைச் சுற்றி உப்பு பூத்திருந்தால் அந்த பாக்ஸ் நேராகக் குப்பைக்குப் போகவேண்டும். ஸ்டாண்டின் கால் பக்கத்தை விரலால் அழுத்துங்கள். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்திருந்தால் ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். 300 லிட்டர் கடல்நீரே 300 கிலோவுக்கு மேல். கண்ணாடி, பாறை, மணல், சம்ப் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னை நெருங்கும். உப்பிய பலகையின்மேல் அதை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது.

அப்புறம் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பை அணைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் என்ன நடக்குமோ அதுதான் இப்போது நடக்கும்: மேல் தொட்டியின் தண்ணீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கி, ஒரு மட்டத்தில் நிற்கவேண்டும். நிற்காமல் சம்ப் விளிம்பைத் தொட்டால், ரிட்டர்ன் குழாயில் காற்று நுழைவதற்காகப் போட்ட சின்ன ஓட்டை பாசியாலோ சுண்ணாம்பாலோ அடைத்திருக்கலாம், அல்லது சம்ப்பே போதாமல் இருக்கலாம். நான் பார்த்த ஒரு வீட்டில், "அதெல்லாம் எதுக்குங்க" என்று தயங்கினார்கள். தரைவிரிப்பைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. சரி, நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய இல்லை. எத்தனை வருடமாக ஓடுகிறது, ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினார்களா இல்லை வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்ஓ டிஐ தண்ணீரா, எப்போதாவது தாமிர மருந்து போட்டார்களா. மூன்றாவது கேள்விதான் முக்கியம். வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் போடுவது வழக்கம். மீன் பிழைத்துவிடும், ஆனால் நத்தை, இறால், பவளம் தாங்காது. பாறையும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிற்பாடு மெல்ல மெல்ல விடும். யாரும் உடனே ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதால் நான் வாயைக் கேட்பதைவிட நத்தையைத் தேடுவேன். பல மாதங்களாக நத்தையும் இறாலும் நன்றாக உலவும் தொட்டியில் தாமிரத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மீன் மட்டும் இருக்கிற தொட்டி என்றால் தாமிரத்துக்கான டெஸ்ட் கிட் கையில் இருக்கட்டும்.

பவளத்துக்குக் காகிதம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வன்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. சில நாடுகளில் வீட்டில் வைத்திருப்பதற்கே சட்டம் இடம் தராது. உங்கள் ஊர்ச் சட்டத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பாறையை டார்ச் அடித்துப் பாருங்கள், முக்கியமாகப் பின்பக்கம். பழுப்பு நிறத்தில், கண்ணாடியால் செய்த குட்டிப் பனைமரம் மாதிரி ஏதாவது நின்றால் அது எய்ப்டேசியா, தொட்டியெங்கும் பரவும் தொல்லை பிடித்த அனிமோன். கிள்ளி எறியலாம் என்று கை வைத்தால், விழுந்த துண்டிலிருந்து இன்னொன்று முளைக்கும். ஒன்றிரண்டு இருந்தால் பேரம் பேசலாம், நூறு இருந்தால் பாறையை அவரிடமே விட்டுவிடலாம். பூச்சியெல்லாம் சாகட்டும் என்று பாறையைக் கொதிக்கவைக்கும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பாறையில் ஒட்டி வளரும் ஜோவாந்திட், பாலிதோவா என்ற பவள உறவு வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. அவற்றைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

மணல் விஷயத்தில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன். முதல் தொட்டியின் மணலை, "பாக்டீரியா இருக்கிறதே, வீணாக்கக்கூடாது" என்று வாளி வாளியாக அள்ளிவந்து அப்படியே கொட்டினேன். அள்ளும்போதே அடியில் கறுப்பாக இருந்தது, அழுகிய முட்டை நாற்றமும் வந்தது. நாற்றத்தை மதித்திருக்கவேண்டும். இரண்டாம் நாள் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) காட்டியது, பூஜ்யமாக இருக்கவேண்டியது. ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு சுத்தம்செய்யும் இறாலும் போயின. கழிவைச் சுத்தம்செய்ய நமக்கு வேண்டிய பாக்டீரியா பாறையிலேயே போதுமான அளவு இருக்கிறது. பழைய மணலைத் தூக்கிப்போட்டுவிட்டு புதிது வாங்குங்கள். மனசு கேட்கவில்லை என்றால் மேல்பரப்பிலிருந்து ஒரு குவளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமான்களில், ஹீட்டரை இலவசமாகத் தந்தாலும் நான் போடமாட்டேன். பழைய ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் ஒரே ராத்திரியில் தொட்டி சூப்பாகிவிடும். பம்ப்பும், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரும் சத்தம் போடுகின்றன என்பதற்காக ஒதுக்கவேண்டியதில்லை, சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்தால் பாதி நோய் தீரும். உள்ளே சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா, அதற்கு மாற்று கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிசெய்யாமல் நம்பாதீர்கள். டெஸ்ட் கிட் என்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள். விலை பேசும்போது பவளத்துக்கும் மீனுக்கும் பூஜ்யம் போட்டுக் கணக்குப் பண்ணுவது என் வழக்கம். இடம் மாறும்போது எது பிழைக்கும் என்று விற்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று எவரும் விதி போடவில்லை. இரண்டாவது தடவை நான் பெரிய பிளாஸ்டிக் டப் இரண்டை முன்கூட்டியே தயார்செய்தேன். முந்தின நாளே உப்புநீர் கலக்கி, 35 பிபிடி, 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, உள்ளே புது ஹீட்டரும் சின்ன பம்ப்பும் போட்டுவைத்தேன். விற்பவர் வீட்டில் முதலில் ஹீட்டரை அணைத்தோம். தண்ணீர் குறைந்து காற்றில் நின்றால் அது வெடித்துவிடலாம். எதையும் கலக்குவதற்கு முன்பே தெளிந்த தண்ணீரை மூடியுள்ள வாளிகளில் இறைத்தோம். பிறகு பவளம், அதன்பின் பாறை. பாறையைத் தண்ணீருக்குள்ளேயே எடுத்துவரவேண்டும், காய்ந்தால் அதிலுள்ள உயிரெல்லாம் செத்து அம்மோனியாவாக வரும். மீனைக் கடைசியில்தான் பிடித்தோம். ஒளிய இடமில்லாமல், ஒரு சாண் தண்ணீரில் இருக்கும்போது பிடிப்பது சுலபம். வாளிக்கு ஒரு பேட்டரி ஏர்பம்ப். தொட்டியைத் துளி மணலில்லாமல் காலிசெய்த பிறகுதான் தூக்கினோம். உள்ளே பாரம் இருந்தால் தூக்கும்போது சிலிகான் முறுக்கிக்கொள்ளும்.

பாறையும் மீனும் டப்பில் மூன்று நாள் இருந்தன. அந்த மூன்று நாளும் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, கீழே காகிதம் விரித்து, காலையும் மாலையும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. நாலாம் நாள் குடியேற்றம். ஒரு வாரம் தினமும் அம்மோனியாவும் அல்கலினிட்டியும் (தண்ணீரின் காரத்தன்மை) அளந்தேன், விளக்கு நேரத்தையும் தீனியையும் பாதியாக்கினேன். ஒரே ஒரு நாள் அம்மோனியா 0.25 காட்டியது. கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், மறுநாள் பூஜ்யம்.

ஒன்பதாம் நாள் இரவு டார்ச் அடித்தபோது, வாங்குமுன் இரண்டு தடவை பார்த்த அதே பாறையின் பின்பக்கத்தில் ஒற்றை எய்ப்டேசியா விரிந்து நின்றது.