வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதுமா?

சேலம் அம்மாபேட்டையில் என் சித்தப்பா ஒரு பழைய ஓட்டு வீட்டை விலை பேசினார். விற்பவர்கள் அண்ணன், தம்பி இரண்டு பேர்; வீடு இறந்துபோன அவர்கள் அப்பாவுடையது. 30 வருட வில்லங்கச் சான்றில் எந்தச் சிக்கலும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று, கூடத்தில் மாட்டியிருந்த போட்டோவில் தாவணி கட்டிய ஒரு பெண்.

"இது யாருங்க?"

"எங்க அக்காங்க. ஆத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கு."

சித்தப்பா பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். நல்லவேளை!

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். அப்பா இறந்ததும் வாரிசுகளுக்கு வரும் பங்கு அதில் ஏறாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் பங்கு உண்டு. "நகை போட்டு அனுப்பிட்டோம்" என்பது சட்டத்தின் முன் செல்லாது. இறந்தவரின் அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பலரும் மறப்பது இந்தப் பாட்டியைத்தான்.

அதனால் முதலில் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு வேண்டாம் என்பவர் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து தரட்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுப்பது போதாது.

அந்த அக்கா அடுத்த மாதம் வந்து, தன் பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.