முதல் வீடு: கைக்காசைக் குறைக்கப் போய்க் கூட்டிக்கொள்ளும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு விலை பேசி முடித்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "பத்திரத்துல கொறச்சுப் போட்டுக்கலாங்க, செலவு மிச்சம்." முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்னும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். கடன் போட்டு வாங்குபவர் மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

40 லட்சத்துக்குப் பேசிய தனி வீட்டை 28 லட்சத்துக்குப் பத்திரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவில் 1.08 லட்சம் மிச்சம். ஆனால் வங்கி பத்திர மதிப்பு, தன் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் பொதுவாகக் கடன் தரும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும்தான் உச்சம். 28 லட்சத்துக்குக் கிடைப்பது 25.2 லட்சம், மீதி 14.8 லட்சம் கையிலிருந்து. முழு விலையை எழுதியிருந்தால் 32 லட்சம் வரை கடன் கிடைக்கும், கைக்காசு 8 லட்சம் போதும். ஒரு லட்சத்தை மிச்சம் பிடிக்க 6.8 லட்சம் கூடுதலாகப் புரட்டுவது என்ன கணக்கு? உண்மையில் லாபம் விற்பவருக்குத்தான், விற்ற லாபத்துக்கு அவர் கட்டும் ஆதாய வரி குறைகிறது. பின்னால் நீங்கள் முழு விலைக்கு விற்கும்போது அந்த வரியும் உங்கள் தலையில் வந்து நிற்கும்.

பதிவுச் செலவையும் வங்கி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் அந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

நேர்வழியில் குறையும் இடம் ஒன்று இருக்கிறது. பில்டரிடமிருந்து முதல்முறை விற்பனைக்கு வரும் புது ஃப்ளாட்டுக்கு, 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் வரை முத்திரைத்தாளும் பதிவும் சேர்த்து 6 சதவீதம்தான். கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கியது என்றால் ஜிஎஸ்டியும் இல்லை. பெண்கள் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறைகிறதே என்பார்கள். அது 10 லட்சம் வரையான சொத்துக்கு மட்டும். கோவை சரவணம்பட்டியில் அந்த விலைக்கு வீடு கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மார்ஜின் பணத்துக்கு, அதாவது கடன் போக நாம் போட வேண்டிய கைக்காசுக்கு, ஏலச்சீட்டை நம்புவது நம் பக்கத்துப் பழக்கம். அவசரத்துக்கு முதல் மாதங்களிலேயே எடுத்தால் ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியிலேயே பெரிய தொகை போய்விடும். வேண்டும் என்றால் வீடு தேடுவதற்கு வெகுமுன்பே சேர்ந்துவிடுங்கள். பர்சனல் லோன் அதைவிட மோசம். அதன் தவணை சிபிலில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கை) தெரிந்து வீட்டுக்கடன் தொகையையே வெட்டிவிடும்.

அப்புறம், விலை மலிவு என்று "பஞ்சாயத்து அப்ரூவல்" மனையில் கட்டிய வீட்டுக்குப் போவது. மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியோ வரன்முறையோ இல்லை என்றால் பெரும்பாலான வங்கிகள் கடன் தராது. மலிவு விலை முழுவதும் கைக்காசாகிவிடும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திர நகல்களை வங்கி வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.