அமுச்சியைப் பெற்றவளைத் தேடி: டிஎன்ஏ சோதனையில் தாய்வழி காண்பது எப்படி

எங்கள் கொங்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் கூட்டம் (குலம்), காணி (குலத்தின் பூர்வீக ஊர்), குலதெய்வக் கோயில் மூன்றையும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். மூன்றும் அப்பா வழி. கல்யாணம் ஆனதும் பெண் புருஷன் கூட்டத்தில் சேர்ந்துவிடுவதால், அம்மா, அமுச்சி (அம்மாவைப் பெற்றவள்) என்று மேலே போகப் போக தலைமுறைக்கு ஒரு கூட்டம், ஒரு ஊர் மாறும். என் அமுச்சியைப் பெற்றவளை வீட்டில் ‘முத்தூர் ஆத்தா’ என்றுதான் சொல்வார்கள். முத்தூர்கூட அவள் வாழப்போன ஊர்தான். பிறந்த ஊரும் பேரும் யாருக்கும் தெரியவில்லை. காங்கயத்தில் பிறந்து அறுபதைத் தொட்ட எனக்கு அது பொறுக்கவில்லை.

காசு கட்டுவதற்கு முன்னால் மொய் நோட்டை எடுங்கள். பழைய பத்திரங்களில் பெண்களை ‘இன்னார் சம்சாரம்’ என்று எழுதி முடித்திருப்பார்கள். மொய் நோட்டில் அப்படி இல்லை, சீர் செய்த பிறந்த வீட்டின் ஊர் இருக்கும். 1958-ல் நடந்த என் அம்மா கல்யாணத்து நோட்டு, பழுப்பேறி ஓரமெல்லாம் பொடிந்து கிடந்தது. அதில் ஒரு வரி: ‘அம்மாளின் மாமன் ஊடு, மூலனூர்ப் பக்கம்’. அம்மாள் என்று எழுதியிருப்பது கல்யாணப் பெண்ணைப் பெற்றவளை, அதாவது என் அமுச்சியை. அவள் மாமன் என்றால் ஆத்தாவின் அண்ணன் தம்பி. அப்போ ஆத்தா பிறந்தது மூலனூர்ப் பக்கம். இந்த ஒரு வரி இல்லாமல் டிஎன்ஏ முடிவு கைக்கு வந்திருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது.

சரி, எந்தச் சோதனை? தாய்வழிக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, உயிரணுவுக்குள் தனியாக இருக்கும் ஒரு சின்ன டிஎன்ஏ. மொத்தமே 16,569 எழுத்து. தாய் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும், மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவாள். ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ நிறுவனம் இதை முழுசாகப் படித்துத் தருகிறது. ஆன்செஸ்ட்ரி செய்வது ஆட்டோசோமல் சோதனை. எல்லா வழியும் அதில் கலந்து வரும். மைட்டோகாண்ட்ரியாவோடு அதையும் சேர்த்துச் செய்வதுதான் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

யார் மாதிரி கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அம்மா இல்லையென்றால் நீங்களே கொடுக்கலாம், ஆணாக இருந்தாலும் சரி. தாய்மாமன், சித்தி, சித்தி பிள்ளைகள் எல்லோரிடமும் அதே டிஎன்ஏதான். மாமன் மகள் மட்டும் ஆகாது. சீரிலெல்லாம் முன்னால் நிற்பவள்தான், ஆனால் அவளிடம் இருப்பது மாமன் பெண்டாட்டியின் வழி. அப்பத்தாவின் வழி வேண்டுமென்றால் அப்பா, அத்தை, அத்தை பிள்ளைகள். நம் ஊர்க் கல்யாணங்களை யோசித்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். அத்தை மகளைக் கட்டியவர் வீட்டில் அப்பத்தாவின் டிஎன்ஏ மருமகளாகத் திரும்ப வந்திருக்கிறது. அவர் பிள்ளைகளிடமே அது இருக்கும். அக்கா மகளைக் கட்டியவருக்கோ புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் ஒரே மைட்டோகாண்ட்ரியா. இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆட்டோசோமலுக்கு மட்டும் வீட்டிலேயே மூத்தவரைப் பிடியுங்கள். முத்தூர் ஆத்தாவின் டிஎன்ஏ எனக்குச் சுமார் 12.5 சதவீதம்தான் வந்திருக்கும், என் தாய்மாமாவுக்கு 25 சதவீதம். அவருக்கு எண்பத்து நாலு வயது, வெற்றிலை ஓயாது. “அரை மணி நேரம் வெத்தலை போடாம இருக்கோணுங்க மாமா” என்று கெஞ்சி, வாயைக் கொப்பளிக்கவைத்து, அரை மணி பொறுத்துத்தான் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தேன்.

“எங்கம்மாளப் பெத்தவ பேரு இந்தக் குச்சி சொல்லீருமா கண்ணு?”

“பேரு சொல்லாதுங்க மாமா. சொந்தத்தக் காட்டும்.”

ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. மைட்டோகாண்ட்ரியாவை வைத்து மனிதர்களைப் பெரும் பிரிவுகளாகப் பிரித்து, ஆங்கில எழுத்தில் பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு எம் பிரிவில் ஒரு கிளை. இந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் எம்தான், அதனால் அதை வைத்து ஊர் எதுவும் சொல்லமுடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வில் எம்130 கண்டதாகச் செய்தியில் படித்திருப்பீர்கள். அது ஆண் வழி ஒய் குரோமோசோம் குறி. இந்த எம்மோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சோதனை செய்துகொண்ட மற்றவர்களில் நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் பட்டியலும் வரும். அதைப் பார்க்கும்போது நிதானம் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா அவ்வளவு மெதுவாக மாறுவதால், எழுத்துக்கு எழுத்து ஒத்தாலும் பொதுப் பாட்டி பல நூறு வருடத்துக்கு முந்தியவளாக இருக்கலாம். அதனால்தான் ஆட்டோசோமலும் வேண்டும் என்றேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தவர்கள் நாம். சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து தூரத்துச் சொந்தத்தையும் கிட்டத்தில் காட்டிவிடும். பொதுவான துண்டுகளின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். அதன் மொத்தத்தைப் பார்க்காமல், ஒரே துண்டாக எது நீளம் என்று பாருங்கள்.

மாதிரி கொடுப்பவரிடம் எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் கேட்ட பிறகே எடுங்கள். மறைத்து வைத்த பிறப்பு விவரங்களும் இதில் வெளியே வரும். 2023-ல் 23அண்ட்மி என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேர் தகவல் திருட்டுப் போனது. சொந்தப் பேருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் போடுங்கள், கடவுச்சொல்லோடு இரட்டைச் சரிபார்ப்பும் வையுங்கள்.

என் பட்டியலிலும் மாமா பட்டியலிலும் ஒரே பெண் இருந்தாள், கனடாவில் வேலை. நான் எழுதியது இரண்டே வரி: ‘உங்கள் அம்மாவின் அமுச்சி எந்த ஊர்? எங்கள் ஆத்தா மூலனூர்ப் பக்கம்.’ முதல் கடிதத்திலேயே கூட்டம் கேட்காதீர்கள், தாய்வழிக்கு அது உதவாது. மூன்றாம் நாள் பதில் வந்தது. அவள் அம்மா தாராபுரத்தில் இருக்கிறாராம், அவர் பெட்டியிலும் ஒரு மொய் நோட்டு இருக்கிறதாம். தை பிறந்ததும் மாமாவைக் காரில் கூட்டிக்கொண்டு, எங்கள் நோட்டோடு அங்கே போகிறோம்.