இன்சூரன்ஸ் போன காரை நாலு கிலோமீட்டர் நகர்த்துவது எப்படி?

தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்தி வருஷக்கணக்கில் நிற்கும் மாருதி 800, அம்பாசிடர் எல்லாம் கொங்கு நாட்டில் ஊருக்கு ரெண்டு இருக்கும். விற்க மனசு வராது, ஓட்டவும் நேரமிருக்காது. திடீரென்று ஒரு நாள் சரிசெய்யத் தோன்றும். மெக்கானிக் பட்டறை நாலு கிலோமீட்டர்தான். "ஏனுங்ணா, விடியக்காலம் நானே ஓட்டிட்டு வந்தர்றனுங்க, யாரு பாக்கப்போறா?" என்பார் மெக்கானிக். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

'கொஞ்ச தூரம்தானே' என்பதற்கு நம் சட்டத்தில் சலுகை கிடையாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் நீங்களும் ஓட்டக்கூடாது, அடுத்தவரை ஓட்ட விடவும் கூடாது. மெக்கானிக் ஓட்டினாலும் நீங்கள் தப்ப முடியாது. முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். வழியில் ஒரு டிவிஎஸ் 50 காரர் மேல் உரசி அவருக்குக் கால் போய்விட்டால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை நீங்கள்தான் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், போதிய பிணை கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

சரி, பொது இடம் என்றால் எது? மக்களுக்குப் போய்வர உரிமை உள்ள எந்த இடமும். வேலி போட்ட உங்கள் தோட்டத்துக்குள் களத்திலிருந்து கொட்டகைக்கு ஓட்டினால் யாரும் கேட்க முடியாது. ஆனால் இட்டேரி அப்படி இல்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் உங்கள் வண்டி மட்டும்தான் போகிறது என்றாலும், ஊர்க்காரர்கள் நடக்கும் பாதை பொது இடம்தான்.

முதலில் தேதிகளைப் பாருங்கள்

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. (பதிவுச் சான்று), காப்பீடு, புகைச் சான்று மூன்றும் எதுவரை செல்லும் என்று தெரியும். வரியைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு ஆயுள்கால வரியை வாங்கும்போதே கட்டியிருப்பார்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் பசுமை வரி வரும், அதை ஆர்.சி. புதுப்பிக்கும்போது கட்டிக்கொள்ளலாம்.

ஆர்.சி. தேதியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். சொந்தக் காருக்கு அது 15 வருடம்தான். முடிந்துபோயிருந்தால், பதிவே இல்லாத வண்டியாகத்தான் கணக்கு. காப்பீடு எடுத்தாலும் ரோட்டில் ஓட்ட முடியாது.

காப்பீடு எடுப்பது

இது எளிது. 'தேர்டு பார்ட்டி' மட்டும் போதும், போனிலேயே எடுத்துவிடலாம். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1000 சிசிக்குள் உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதற்கு மேல் ஜிஎஸ்டி. உரிமையாளர் ஓட்டுபவராக இருந்தால் 15 லட்சத்துக்கான சொந்த விபத்துக் காப்பீடும் சேரும். மாருதி 800க்கு எஞ்சின் 796 சிசி, அதனால் முதல் கட்டணம்தான். பணம் கட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். பாலிசி எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து செல்லும் என்று படியுங்கள். பல பாலிசிகள் அன்று நள்ளிரவு தாண்டித்தான் உயிர்பெறும்.

ஏற்றிக்கொண்டு போவது

என்னைக் கேட்டால், ரொம்ப நாள் நின்ற வண்டிக்கு ரெக்கவரி வண்டிதான் சரி. தட்டையான மேடையில் நான்கு சக்கரமும் ஏறிவிட்டால் உங்கள் கார் ரோட்டில் ஓடவில்லை, அது வெறும் சரக்கு. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் செழித்த சீமை என்பதால் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. வாடகையை முன்பே பேசுங்கள். வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வந்த பிறகு தனிக் கூலி கேட்பார்கள். ரெக்கவரி வண்டிக்குக் காப்பீடு இருக்கிறதா என்று அதே செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி வருவதற்கு முந்தின நாளே சில வேலைகள் இருக்கின்றன. தார்ப்பாயை எடுத்ததும் கையை உள்ளே விடாதீர்கள். ஒரு குச்சியால் பானட்டைத் தட்டி, தள்ளி நின்று திறங்கள். தோட்டத்தில் எலி இருந்தால் பாம்பும் வரும், எஞ்சினுக்கு மேல் சுருண்டிருக்கும். எலி கடித்த ஒயர் தெரிந்தால் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து டயரில் காற்று. அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, நியூட்ரலில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். வருஷக்கணக்கில் பிரேக் போட்டே நின்ற வண்டியில் பின் சக்கரம் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விடும். விடவில்லை என்றால் ரெக்கவரிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். சாவி கட்டாயம் கையில் வேண்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் நேராக ஏற்ற முடியாது. கொக்கி மாட்டும் வளையம் பல கார்களில் முன் பம்பருக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் டிக்கியிலுள்ள டூல் கிட்டில் இருந்து எடுத்துத் திருக வேண்டும்.

வின்ச் கம்பி இழுபடும்போது அதன் நேருக்கு நேர் யாரும் நிற்கக் கூடாது. கம்பி அறுந்தால் சாட்டையாக வீசும். மேலே ஏறியதும் ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட்டு, பட்டையைச் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள், பம்பரில் வேண்டாம். கிளம்பும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஆர்.சி. நகலை டிரைவரிடம் கொடுங்கள். காங்கயம், பல்லடம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் போகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் அது போதும்.

கயிறு கட்டி இழுக்கலாமா?

பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறை வரை இழுக்க விதி அனுமதிக்கிறது. பின்னால் வரும் காரில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பின்புறம் 'ஆன் டோ' என்று எழுதிய பலகை வேண்டும். மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால் எஞ்சின் ஓடாத காரில் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும், மிதித்தாலும் எளிதில் பிடிக்காது. காப்பீடும் இல்லாமல் சக்கரம் ரோட்டில் உருளுவதால் விபத்து நடந்தால் வம்பு வேறு. எனக்கு இதில் விருப்பமில்லை.

பட்டறையிலிருந்து வெளியே

ஆர்.சி. உயிரோடு இருந்தால் காப்பீடு தொடங்கிய பிறகு புகைப் பரிசோதனை. புகைச் சான்று இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை போகும், அதனால் பரிசோதனை மையம் வரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போவதே சுத்தம். சான்று கைக்கு வந்ததும் வீட்டுக்கு நீங்களே ஓட்டி வரலாம்.

ஆர்.சி. முடிந்திருந்தால், பட்டறைக்காரரிடம் 'டிரையல் பார்க்கிறேன்' என்று ரோட்டில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும். காப்பீடு, புகைச் சான்று இரண்டையும் வாங்கிக்கொண்டு, படிவம் 25இல் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். ஆய்வாளர் சேசிஸ் எண்ணைப் பார்ப்பார். துருவும் சேறும் மூடியிருந்தால் முந்தின நாளே துடைத்துவையுங்கள். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் வேலை செய்ய வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். வாடகைக்கு வந்த ரெக்கவரி வண்டியைத் திருப்பி அனுப்பும் முன், பதிவு நீடித்தது செயலியில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் வரும்போதும் ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.