புலம்பெயர்ந்தோரின் கதையைக் கேட்டுக் கலையாக்குவது எப்படி

புலம்பெயர்ந்த ஒருவரின் வாழ்வை ஓவியமாகவோ நாடகமாகவோ ஒளிப்படத் தொடராகவோ ஆக்க விரும்புகிறவர், கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: கதை கலைஞரிடம் வந்து சேர்ந்த பின்னும் சொன்னவருக்கே உரியது. கீழே சொல்லும் முறைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் சந்திப்பில் பதிவு செய்யாதீர்கள். நீங்கள் யார், படைப்பு எங்கே காட்சிக்கு வரும், இணையத்தில் ஏறுமா, அதனால் பணம் வந்தால் யாருக்குச் சேரும் என்பனவற்றை அவருக்குப் பழகிய மொழியில் விளக்கிவிட்டு, யோசிக்க நாள் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரை அவரே ஏற்க வேண்டும்; ஒரே நாட்டினர் என்பதாலேயே ஒருவர் பொருத்தமானவராகிவிட மாட்டார், ஊரைவிட்டுத் துரத்திய பகையின் மறுபக்கத்தைச் சேர்ந்தவராகவும் அவர் இருக்கக்கூடும். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்ப்பது கூடவே கூடாது.

கேள்விகளைத் தொடங்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அடைக்கலம் கோருவோர், துன்புறுத்தப்படுவோம் என்ற தங்கள் அச்சத்துக்குத் தக்க அடிப்படை உண்டு என்பதை 1951 அகதிகள் உடன்படிக்கையின் வரையறைக்கு ஏற்ப அதிகாரிகளிடம் நிறுவ வேண்டியிருப்பதால், நடந்ததைத் தேதி பிசகாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்திருப்பார்கள். எப்போது கிளம்பினீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று நீங்களும் கேட்டால் அது இன்னொரு விசாரணையாகிவிடும். அங்கே என்ன தொழில் செய்தார், வீட்டில் யார் பாடுவார்கள், இங்கே வந்து எதற்கு முதலில் சிரித்தார் என்று கேளுங்கள். அவர் மௌனமானால் நீங்களும் பேசாதிருங்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ விரும்பி வந்தவரிடம் கண்ணீரைத் தேடாதீர்கள். துயரம் மட்டுமே கலைக்கு உகந்தது என்ற எண்ணம் அவரது வாழ்வைக் குறுக்கிவிடுகிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கே பெயர்ந்ததை 1940–41-இல் 60 பலகைகளில் தீட்டிய ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ், அவ்வாறு பெயர்ந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் தீட்டியவற்றில் வன்முறையும் நெரிசலான குடியிருப்புகளும் உண்டு. கரும்பலகையில் எண்கள் எழுதும் சிறுமிகளும் உண்டு. இந்த விரிவை எந்தக் கலைஞரும் அவரிடம் கற்கலாம்.

கதை சொல்பவரே கலைஞராக முடியும் என்பதையும் மறக்கலாகாது. 1975-க்குப் பின் லாவோஸிலிருந்து தப்பித் தாய்லாந்து முகாம்களில் தங்கிய ஹ்மோங் இனப் பெண்கள், மெகோங் ஆற்றைக் கடந்ததையும் அதற்கு முந்தைய உழவு வாழ்க்கையையும் துணியில் உருவங்களாகத் தைத்தார்கள். எனவே, நீங்களே வரைந்துவிடாமல், வண்ணத்தையோ நூலையோ அவர் கையில் கொடுக்க வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.

படைப்பு உருவானதும், பிறர் பார்க்குமுன் அவரிடம் காட்டுங்கள். எழுத்து இருந்தால் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. முகம், குரல், பின்னணியில் தெரியும் தெரு, ஒளிப்படக் கோப்பில் பதிந்துள்ள இடக்குறிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, ஊரில் எஞ்சியுள்ள உறவினரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். எந்தப் பகுதியையும் விலக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். காட்சி தொடங்கிய பிறகு கேட்டாலும், காரணம் கேட்காமல் அதை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவின் பிரதி ஒன்றை அவருக்கே கொடுத்து, உங்களிடமுள்ளதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.