சாம்பல் கலந்த கான்கிரீட்: எங்கே சறுக்குகிறது?

முதலில் சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். போர்ட்லேண்ட் போசோலானா சிமெண்ட் என்று போட்டிருந்தால், அனல்மின் நிலையத்துச் சாம்பல், அதாவது ஃப்ளை ஆஷ், அதில் ஏற்கெனவே கலந்திருக்கலாம். இதைக் கவனிக்காமல் மறுபடி சாம்பல் சேர்ப்பதுதான் நான் முதலில் சொல்லும் தவறு.

ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட் போடும் கலவையில் 120 கிலோவை எடுத்துவிட்டு அதே எடைக்குச் சாம்பல் போடுகிறோம். 30 சதவீதம்தானே என்று நினைப்பு. மூட்டையிலேயே 30 சதவீதம் சாம்பல் இருந்தால், மீதி 280 கிலோவிலும் 84 கிலோ சாம்பலாகவே இருக்கும். ஆக மொத்தம் 204 கிலோ, பாதிக்கும் மேல்! சாம்பல் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் எதுவும் கலக்காத ஓபிசி, அதாவது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் வாங்குவது நல்லது.

அடுத்தது அவசரம். பெரும்பாலான ஃப்ளை ஆஷ் தனியாகத் தண்ணீர் பட்டால் இறுகாது. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரியும்போது வெளியாகும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் அது பிடிமானம் தரும் பொருளாக மாறுகிறது. அந்த வேலை மெதுவாக நடக்கும், குளிரில் இன்னும் மெதுவாக. அதனால் பலம் பார்க்க வார்த்து வைத்த கான்கிரீட் கட்டியை, அதாவது கியூபை, 7ஆம் நாள் உடைத்தால் எண் குறைவாக வரும். 28 நாளில் ஓரளவு எட்டிப் பிடிக்கும், 56, 90 நாளிலும் பலம் ஏறிக்கொண்டே போகும். இது தெரியாமல் கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் பலகை, முட்டுகளை, அதாவது சென்டரிங்கை, வழக்கமான நாள் கணக்கில் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்கும் தேதியை நாட்காட்டி பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதே இடத்தில் வைத்த கியூபின் பலம் சொல்லட்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் இதே கதைதான். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் கியூரிங் என்றால் இதற்கு 10 முதல் 14 நாள் வேண்டும். நடுவில் காயவிட்டால் வினை நின்றுபோய், மிச்சச் சாம்பல் வெறும் பொடியாக உள்ளே கிடக்கும். விரலால் தேய்த்தால் மேல்பரப்பு மாவாக உதிர்வதைப் பார்த்துவிட்டு, "சாம்பல் போட்டதால்தான்" என்று பழி போடுவோம். தண்ணீர் ஊற்றாததை யாரும் பேசமாட்டோம்.

சட்டியால் அளப்பதும் வேண்டாம். சிமெண்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு எடை என்பது, ஏறக்குறைய 3.15, சாம்பலுக்கு 2.2 அளவில்தான். மேலே சொன்ன 120 கிலோவை எடைக்கு எடை மாற்றினாலே, ஒரு கன மீட்டருக்கு 16 லிட்டர் பொடி கூடுதலாக இடம் பிடிக்கும். அந்த அளவுக்கு மணலைக் குறைக்க வேண்டும்.

சிலிக்கன் உலைப் புகையிலிருந்து பிடிக்கும் பொடியான சிலிக்கா ஃபியூம் வேறு ரகம். 5 முதல் 10 சதவீதம் போதும். சிமெண்டைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நுண்மையானது என்பதால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனமான சூப்பர்பிளாஸ்டிசைசர் இல்லாமல் கலவை நகராது. மேலே தண்ணீர் கசிந்து வராததால், போட்ட சில மணி நேரத்திலேயே வெடிப்பு விழலாம். மூடிவைக்கத் தார்ப்பாயோ பாலித்தீனோ தயாராக இருக்கட்டும்.

சாம்பல் வழக்கத்தைவிடக் கறுப்பாக வந்தால் எரியாத கரி அதிகமோ என்று சந்தேகப்படுங்கள். காற்றுக் குமிழிக்காகச் சேர்க்கும் ரசாயனத்தைக் கரி உறிஞ்சிவிடும். கொதிகலனின் அடியில் விழும் பாட்டம் ஆஷை சிமெண்டுக்குப் பதிலாகப் போடக் கூடாது. அது கரடுமுரடானது, நுண்துளை நிறைந்தது.

கசடு என்ற பெயரில் ஏமாறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. இரும்பு உருக்கும் ஊதுலையிலிருந்து கழிவாக வரும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து அரைத்தால்தான் சிமெண்டின் வேலையைச் செய்யும். தானாக ஆறவிட்டது வெறும் கல், ஜல்லிக்குத்தான் ஆகும். எஃகு உலைக் கசடோ இரண்டிலும் சேராது. அதில் வினைபுரியாத சுண்ணாம்பும் மக்னீசியாவும் தங்கியிருக்கும். ஈரத்தில் பல மாதம் பழுக்கவிடாமல் ஜல்லியாகப் போட்டால், கான்கிரீட் இறுகிய பிறகு அவை உள்ளேயே உப்பும். கியூப் டெஸ்டில் 28ஆம் நாள் பாஸாகிவிட்ட தளத்தில், அப்புறம் ஒருநாள் மேல்பூச்சு வட்டவட்டமாகப் பெயர்ந்து வரும்.